பாண்டிராஜை இறக்க வாங்கிய விமானம்

இலஞ்சி பாண்டிராஜ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதக்கத் தொடங்கிய வருஷம் தேங்காய் விலை படுத்துவிட்டிருந்ததால், ஊரில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. தென்காசியில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருந்தவர் அவர். ஓர் ஆடி மாதக் காலையில் ஐந்தருவியில் குளிக்கப் போனார். தண்ணீர் நல்ல வேகத்தில் விழுந்தது. அதன் பாரத்துக்கு எதிராகக் கழுத்தை விறைத்துத் தோளை உந்திக்கொண்டு நின்றபோது, அருவி விக்கல் எடுத்தாற்போல ஒரு கணம் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டிருந்த உடம்பு, எதிரே தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் மேலே போயிற்று. அடுத்த கணமே தண்ணீர் பழையபடி விழ ஆரம்பித்தது. பாண்டிராஜ் மட்டும் பழையபடி இறங்கவில்லை. துண்டைப் பிழிந்து கட்டிக்கொண்டு பஸ் ஏறப் போகையில், செருப்பை மாட்ட முடியாமல் போனபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. கண்டக்டர் அவருக்கு வழக்கமான டிக்கெட்டையே கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கையில் எடுத்த பொருளும் உடம்போடு கட்டிய பொருளும் எடை இழந்தன. ஆறு பேர் சேர்ந்து கிணற்றில் இறக்கும் மோட்டாரை அவர் ஒரு கையில் வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கி மாட்டிவிட்டு வந்தார். கடையில் கூட்டம் கூடியது. புதுக் கடைத் திறப்பு விழாக்களுக்கு அவரைக் கூப்பிட்டார்கள்; ரிப்பனையும் வெட்டுவார், ஏணி இல்லாமல் தோரணத்தையும் கட்டிக் கொடுத்துவிடுவார். அதுவரை "ஏலே பாண்டி" என்றவர்கள் அண்ணாச்சி என்றார்கள். ஊரடங்கு நாட்களில் போலீஸ்காரர் வழிமறித்தபோது, தான் தெருவில் காலே வைக்கவில்லை என்று அவர் சொன்ன பதில் கடையநல்லூர் வரை பரவியது. போலீஸ்காரரும் குனிந்து பார்த்துவிட்டு அதை ஒப்புக்கொண்டார்.

அவர் மனைவி உமா மகேஸ்வரி மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. புவியீர்ப்புப் பாடம் நடத்தும் நாளில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதை அவள் கண்டுகொள்வதில்லை. அவளுடைய கவலை வேறு. ஒவ்வொரு வருஷச் சாரல் காலத்துக்கும் அவர் கொஞ்சம் கூடுதலாக உயர்ந்துகொண்டிருந்தார். சாணாக இருந்தது முழமாயிற்று; முழம் இடுப்பளவாயிற்று. வீட்டிலுள்ள சீலிங் ஃபேன்களை எல்லாம் கழற்றிப் பரணில் போட்டார்கள். ராத்திரி அவர் கால் கட்டைவிரலில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அவள் தூங்கினாள். அண்ணாந்தே பேசியதில் அவளுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். ஆறாவது வருஷம் ஆனி மாதத்தில், மாடியில் துணி எடுக்கப் போனவரைச் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அள்ளிக்கொண்டு போய்க் குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னை உச்சியில் விட்டது. மரமேறுபவர் போய்ப் பிடித்து வந்தார். வரும் வழியெல்லாம் பாண்டிராஜ் ஜனங்களுக்குக் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். அடுத்த ஆனியில் தென்னை இருந்த இடத்தில் தென்னை இல்லாமல் போனால் காற்று தூத்துக்குடிக் கடலில்தான் கொண்டுபோய் விடும் என்று உமா மகேஸ்வரி கணக்குப் போட்டாள். அவருக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் செங்கோட்டை ரோட்டில் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் அருமைநாயகம் ஒரு மோட்டார் வாங்க வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். அன்று கடையில் உமா மகேஸ்வரி இருந்தாள். பாண்டிராஜ் மேல்தட்டில் சாமான் எடுத்துக்கொண்டிருந்ததை அண்ணாந்து பார்த்த அருமைநாயகம், தன் அப்பா ரப்பர் எஸ்டேட்டுகளுக்கு மருந்து தூவ வாங்கிய விமானம் ஒன்று கோடவுனில் நிற்பதாகவும், அப்பா போனதிலிருந்து அதை யாரும் கிளப்பவில்லை என்றும் சொன்னார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார்.

"ஏறுததுக்கு என்னம்மா, பட்டம்கூட ஏறும். ஒழுங்கா எறங்கணும்னே செஞ்ச சாதனம் அது ஒண்ணுதான்."

உமா மகேஸ்வரி அன்று ராத்திரி தூங்கவில்லை. அவர் ஏறினாரே தவிர, இறங்குவது எப்படி என்று அவர் உடம்புக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கும் ஒன்றில் அவரை வைத்துக் கட்டி, நாலு தரம் ஏற்றி இறக்கினால் உடம்பு பழகிக்கொள்ளும் என்று அவளுக்குப் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் கோடவுனுக்குப் போனார்கள். அவள் ஸ்கூட்டரில், அவர் பின்னால் கயிற்றில்.

விமானம் பாக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, தலைக்கு மேலே துணி போர்த்திய இறக்கை. இறக்கைத் துணியை எலி தின்றிருந்தது. பெட்ரோல் டாங்கில் குளவி கூடு கட்டியிருந்தது. டயர்கள் பொடிந்து போயிருந்தன. இடது இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆட்களைப் பார்த்தும் அது எழுந்திருக்கவில்லை. நெடுங்காலம் ஒரே இடத்தில் நின்றதில் திசைகாட்டி வடக்கை மறந்து, கோடவுன் வாசலையே காட்டிக்கொண்டிருந்தது. அருமைநாயகம் விமானத்தின் மூக்கைத் தடவி, விலை சொல்ல வாய் வராமல் கண்ணைத் துடைத்தார். அவர் மனைவி சுகிர்தம்தான் முடித்து வைத்தாள்.

"முதல்ல இதை எடுத்துட்டுப் போங்கம்மா. ஒவ்வொரு மழைக்கும் பாக்கு வெளிய கெடந்து நனையுது, இது உள்ள நிக்குது. இந்த மனுசன் ஒரு விலையும் சொல்ல மாட்டாரு, நான் சொல்லுதேன்."

அவள் சொன்ன விலை நியாயமாக இருந்தது. கோழியைத் தரவில்லை.

விமானத்தை இறக்கை கழற்றி லாரியில் ஏற்றி, கடையம் பக்கத்தில் ஆவுடைநாயகம் என்பவர் போட்டிருந்த வீட்டு மனை லேஅவுட்டுக்குக் கொண்டு போனார்கள். 'சாரல் நகர்' என்று வளைவு வைத்து, நடுவே நேராக, நாற்பதடி அகலத்தில் நீளத் தார்ச்சாலை போட்டு, மூன்று வருஷமாக ஒரு மனைகூட விற்காமல் இருந்த இடம் அது. ரோட்டை ஓடுதளமாகத் தருவதற்கு ஆவுடைநாயகம் வாடகை வாங்கவில்லை. மறுநாளே விளம்பரப் பலகையில் 'விமான நிலையம் மிக அருகில்' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

விமானத்தைச் சரிசெய்யும் வேலையை எடுத்துக்கொண்டவள் ஹஃப்சா. வளைகுடா நாட்டு விமான நிலையத்தில் பெரிய விமானங்களைப் பழுது பார்த்து, பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் திரும்பியிருந்த எஞ்சினியர். கடையநல்லூரிலிருந்து தினமும் காரில் வந்தாள். முதல் நாள் விமானத்தைச் சுற்றி வந்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல இருக்கதுல எதெல்லாம் வேணாம்னு கேக்காதிய. எது வேணும்னு கேளுங்க, அது சுருக்கமா முடிஞ்சிரும்" என்றாள். சட்டமும் மூக்கும் கதவும் மிஞ்சின. எஞ்சினைப் பிரித்து, துருவேறி இறுகிய பிஸ்டன்களை எண்ணெயில் ஊறப்போட்டுக் கழற்றி, உள்ளுறுப்புகளை எல்லாம் வெளிநாட்டிலிருந்து தருவித்து மாட்டினாள். இறக்கைக்குப் புதுத் துணி போர்த்தி, அயர்ன் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டினாள். பழைய முட்களுக்குப் பதிலாக வரைபடம் காட்டும் திரை வந்தது. புது ரேடியோ வந்தது. பந்தயக் காரில் இருப்பது போல நாலு பட்டை பெல்ட் வந்தது. திசைகாட்டியை மாற்றும்போது மட்டும் அருமைநாயகம் அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனார். அவர் தினமும் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்து, கழற்றுகிற ஒவ்வொன்றுக்கும் வருத்தப்பட்டு, மாட்டுகிற ஒவ்வொன்றையும் மெச்சினார்.

ஓட்டுவது யார் என்பதில் முதலில் குழப்பம் இல்லை. பாண்டிராஜ்தான் என்று இருந்தது. அவருக்கும் ஆசை. ஆனால் மருத்துவப் பரிசோதனையில் எடை மெஷின் பூஜ்யத்தைத் தவிர வேறு எதையும் காட்ட மறுத்துவிட்டதால் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே உமா மகேஸ்வரி படித்தாள். சனி ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் வெளியூர்ப் பயிற்சிப் பள்ளிக்குப் போய், அடுத்த கோடை முடிவதற்குள் உரிமம் வாங்கிவிட்டாள். தனியாக முதல் முறை பறந்துவிட்டு வந்த நாளில், ரோட்டோரம் பரோட்டாக் கடையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டாள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் அண்ணாந்து சொல்ல வேண்டும்.

விமானத் துறையிலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. பயணியின் எடையை எங்கே போடுவது என்பதில் மட்டும் தடங்கல். ஹஃப்சா பாண்டிராஜைக் காட்டினாள். அப்போது அவர் மற்றவர்கள் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் இருந்தார். அதிகாரி கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, விதிகளில் மிதப்பவர்களைத் தடுக்கும் விதி ஏதும் இல்லை என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஆனி மாதம் பிறக்குமுன் ஒரு நாள் காலையில் கிளம்பினார்கள். ஆவுடைநாயகம் வளைவில் வாழை கட்டி, மனை வாங்கக்கூடும் என்று நினைத்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, மைக் செட்டும் வைத்திருந்தார். விமானத்திலிருந்து டீச்சர் ரேடியோவில் பேசுவதை எல்லோரும் கேட்கட்டும் என்று ஹஃப்சாவின் ரேடியோவை அதில் இணைத்தும் இருந்தார். பாண்டிராஜை நாலு பேர் இழுத்து இருக்கையில் அமர்த்திப் பெல்ட் மாட்டினார்கள். அவரைக் கட்டியதும் விமானம் லேசாகிவிட்டதால், அது ரோட்டில் ஆட்டுக்குட்டி போல இரண்டு துள்ளு துள்ளி எழும்பியது. ஜனங்கள் கை தட்டினார்கள். விமானம் மேற்கே மலையைப் பார்த்துப் போயிற்று.

குற்றாலத்தில் அன்றைக்குத்தான் முதல் சாரல். பேரருவிக்கு மேலே குளிர்ந்த மேகத்துக்குள் நுழைந்ததும் கார்பரேட்டருக்குள் ஐஸ் கட்டி எஞ்சின் நின்றது. இது நடக்கக்கூடியது என்று ஹஃப்சா முன்பே சொல்லி, ஐஸை உருக்கச் சூடு கொடுக்கும் ஒரு குமிழையும் காட்டியிருந்தாள். உமா மகேஸ்வரி அதை இழுத்தாள். சூடு மெதுவாகத்தான் ஏறும். அதுவரை மூக்கைத் தாழ்த்திச் சறுக்கிப் போக வேண்டும் என்பது பாடம். அவள் தாழ்த்தினாள். மூக்கு தாழவில்லை. விசிறி நின்று, சத்தம் நின்று, விமானமும் நின்றது. கீழே அருவி விழுந்துகொண்டிருந்தது. இறக்கைக்கு மேலே மேகம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நாலு பட்டை பெல்ட்டும் விண்ணென்று இழுபட்டிருப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. விமானம் அவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, நான் இருக்கப்போய்த் தப்பிச்ச" என்றார் பாண்டிராஜ்.

அவள் திரும்பினாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. கழுத்து வலிக்கவில்லை. அவள் ஆரம்பித்தாள்.

பதற்றத்தில் அவள் விரல் ரேடியோ பொத்தானிலேயே அழுந்தியிருந்தது. அதனால் அவர்கள் பேசியதெல்லாம் சாரல் நகரில் ஒலிபெருக்கியில் கேட்டது. இங்கிருந்து ஹஃப்சா கூப்பிட்டது எதுவும் அங்கே கேட்கவில்லை.

"ஏழு கோடை ஃபேன் இல்லாம கெடந்தேன். கேட்டியளா ஒருநா? என் தம்பி கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைய ஒருத்தரு பாக்கல. பூரா பேரும் உங்களை அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாங்க. தாலி கெட்டுத போட்டோவுல உங்க ரெண்டு கால்தான் இருக்கு!"

"நீ என்னையக் கயித்துல கட்டி ஊரைச் சுத்தி இழுத்துட்டுப் போனியே, அது?"

"கட்டாம விட்டா எங்க இருந்திருப்பிய? தென்னையில உக்காந்துகிட்டு டாட்டா காட்டுதிய! கீழ ஒருத்தி அழுதுகிட்டு ஓடி வருதா, அவளைப் பாத்துமா டாட்டா?"

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஆவுடைநாயகத்தின் கை அப்படியே நின்றது. யாரோ ஒலிபெருக்கியை நிறுத்தப் போனார்கள். சுகிர்தம் விடவில்லை. "இருக்கட்டும், அந்தப் பிள்ளை பேசட்டும்" என்றாள். குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே ஒரு விமானம் நிற்பதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கூட்டம் குறைந்த நேரமாயிற்றே என்று திரும்பவும் தலையைக் கொடுத்தார்கள்.

சண்டை நெடுநேரம் போயிற்று. நாத்தனார் வளைகாப்பு, திரும்பக் கொடுக்காத பித்தளை அண்டா, அவள் பாடம் நடத்துவதுபோலப் பேசுவதாக அவர் சொன்னது, பாடம் நடத்தினால்தானே இவ்வளவாவது மண்டையில் ஏறும் என்று அவள் சொன்னது, எல்லாம் வந்தது. பேசப் பேசக் குரல்கள் இறங்கின. கடைசியில் அவள் கேட்டாள்:

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத்தனை வருசத்துல ஒருநாளாவது எறங்கணும்னு நெனச்சியளா?"

பாண்டிராஜ் பதில் சொன்னார்.

"இல்ல. கீழ நின்னா நான் யாருட்டி? மோட்டார் கடை பாண்டி. அப்படி நாப்பது பேரு இருக்கான் தென்காசியில. மேல இருந்தாத்தான் அண்ணாச்சிங்கான்."

அவள் கண்ணாடியில் படிந்த நீரைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

"சரி. அப்ப பெல்ட்டைக் கழட்டிக்கிடுங்க. நீங்க இங்கனயே நில்லுங்க. நான் கீழ போறேன்."

"கழட்டுனா நீ விழுந்துருவியேட்டி!"

"விழ மாட்டேன். எஞ்சின் இல்லாம எறக்கப் படிச்சிருக்கேன். நீங்க என்னையத் தாங்க வேண்டாம். கூட வந்தாப் போதும். வாரியளா?"

பாண்டிராஜின் கை பெல்ட் கொக்கிக்குப் போனது. பிறகு அது நகர்ந்து அவள் மணிக்கட்டில், நைலான் கயிறு தழும்பு போட்டிருந்த இடத்தில் போய் நின்றது. முதலில் அவருக்குச் சட்டை நனைந்திருப்பது தெரிந்தது. பிறகு பசித்தது. பிறகு முழங்கால் வலித்தது, ஐம்பத்திரண்டு வயதுக்கு வர வேண்டிய வலி முழுக்க ஒன்றாக. இருக்கையின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. "வாரேன்" என்றார் அவர்.

சொன்னதுதான் தாமதம், விமானம் கல்லைப் போல விழுந்தது. சாரல் நகரில் இருந்தவர்கள் ஒலிபெருக்கியில் இருவரும் சேர்ந்து ஆண்டவனைக் கூப்பிடுவதைக் கேட்டார்கள். உமா மகேஸ்வரி மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடித்து, மெல்ல நிமிர்த்தினாள்; பேரருவியின் தெறிப்பு இறக்கையில் பட்டது. இத்தனை நேரத்தில் ஐஸ் உருகிவிட்டிருந்ததால் இரண்டாம் முயற்சியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கடைத்தெருவில் நேந்திரம் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தவர் குனிந்து எழுந்தார். அதைத் தவிரக் குற்றாலத்தில் சேதம் ஒன்றும் இல்லை.

நாற்பதடி ரோட்டில் விமானம் இறங்கி நின்றபோது யாரும் கை தட்டவில்லை, எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அருமைநாயகம் ஹஃப்சாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். பாண்டிராஜ் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். ஏழு வருஷம் தரையைத் தொடாத பாதம் கைக்குழந்தையின் பாதம் மாதிரி சிவந்திருந்தது. தார் சுட்டது. "ஐயோ" என்று அலறி மறு காலை வைத்தார். அதில் ஒரு நெருஞ்சி ஏறியது. உமா மகேஸ்வரி சுற்றி வந்து அவர் முன்னால் நின்றாள். அவர் அவளைவிட இரண்டு விரல் குட்டை என்பதை இருவருமே மறந்துபோயிருந்தார்கள்.

அந்த வாரமே வீட்டில் ஃபேன் மாட்டினார்கள். பாண்டிராஜுக்கு நடை பழக ஆவணி வரை ஆயிற்று. கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். அண்ணாச்சி என்றவர்களில் பாதிப் பேர் திரும்பவும் பாண்டி என்றார்கள். முதலில் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, பிறகு அவர்களுக்கு மோட்டார் விலையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார், சரியாகிவிட்டது. ஆவுடைநாயகத்தின் மனைகள் எல்லாம் விற்றுப்போயின. வாங்கியவர்கள் ரோட்டில் கோலம் போடுவதற்கு முன் டீச்சரிடம் நேரம் கேட்டுக்கொள்கிறார்கள்.

விமானத்தை விற்பதாகத்தான் முதலில் பேச்சு. உமா மகேஸ்வரி அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. புரட்டாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக மலைப்பக்கம் போனபோது, பேரருவிக்கு மேலே அதே இடத்தில் விமானம் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்திப் பார்த்தாள், அப்போதும் விழவில்லை. பாண்டிராஜ் விட்டுவிட்டு வந்த உயரம் எங்கும் போகாமல் அங்கேயே கிடந்தது. மூக்கைத் தெற்கே திருப்பி எஞ்சினைக் கிளப்பினால் அந்த உயரம் விமானத்தை விட்டுவிடுகிறது. ஹஃப்சாவும் ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்துவிட்டு, இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டில் கிடைக்காத அமைதி அங்கே கிடைப்பதாக டீச்சர் கண்டுகொண்டாள். ஃபிளாஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு போகிறாள். சாயங்காலம் இறங்கி வந்ததும் அவரும் அவளும் நேருக்கு நேர் உட்கார்ந்து, அன்றன்றைய சண்டையை அன்றன்றே போட்டுவிடுகிறார்கள்.

போன மாதம் குற்றாலத்துக்கு வேனில் வந்த சென்னைக்காரர் ஒருவர், ஈரத் தலையோடு நின்று மேலே காட்டி, அங்கே ஏன் ஒரு விமானம் அசையாமல் நிற்கிறது என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறார். தள்ளுவண்டியில் ரம்புட்டான் விற்றுக்கொண்டிருந்த பாலம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டீச்சர் காலாண்டுப் பேப்பர் திருத்துதாவ. உங்களுக்கு அரைக்கிலோவா, ஒரு கிலோவா?"